இரும்பு வேலி வாங்குமுன்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால் கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானோ இன்று இரும்பு வேலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் கற்றது கலைப்பிரிவு. இரும்பு வணிகம் என் தொழிலன்று. எனினும், வேலி ஒன்றை வாங்கி ஏமாந்து, அந்த ஏமாற்றத்தின் விலையை ஏழைப் பெற்றோரின் பணத்தினாற் செலுத்தியவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தத் தகுதியை வேறெவரும் பெறவேண்டாம் என்பதற்காகவே இப்பேச்சு.

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதியை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். மேலே தேயிலையும் இறப்பரும், கீழே மாணிக்கம். இரண்டு பருவக்காற்றும் மழை கொண்டுவரும் ஈரவலயம் எங்கள் நிலம். "இல்லம்" எனப்படும் சரளைப் படையைத் தேடி இங்கே குழி தோண்டுவார்கள். அனுமதிப்பத்திரம் பெற்றுத் தோண்டுவோர் வேலை முடிந்ததும் குழியை மூடிவிட வேண்டும். அதற்குப் பிணையாகப் பணமும் கட்டவேண்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை இதனை மேற்பார்வை செய்கின்றது. ஆனால், அனுமதியின்றி இரவோடிரவாகத் தோண்டப்பட்ட பழைய குழிக்கு உடையவன் யார்? மழைநீர் நிரம்பி, மேலே புல் படர்ந்து, அது குளம்போலக் கிடக்கும். அத்தகைய குழிகள் சில எங்கள் விளையாட்டு நிலத்தின் கீழெல்லையை அடுத்துக் கிடந்தன.

ஆதலால் வேலி வேண்டும் என்று முடிவு செய்தோம். இது 2021ஆம் ஆண்டில். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்த ஆண்டு. எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் குடும்பத்துக்கு ஐந்நூறு ரூபா கேட்டது. அதாவது அரைநாள் உழைப்பு. 180 குடும்பங்கள் கொடுத்தன. அது 90,000 ரூபா. பழைய மாணவர் 60,000 ரூபா அனுப்பினர். ஆக 1,50,000 ரூபா. இருநூறு அடி வேலிக்கு இரண்டு விலைக்கூறுகள் வந்தன. ஒன்று 1,48,000 ரூபா. மற்றையது 1,92,000 ரூபா. இரண்டிலும் "பச்சை நிறக் கம்பிவலை, 12 கேஜ், ஐந்தடி உயரம்" என்றே எழுதியிருந்தது. கையிலுள்ள பணத்துக்குள் அடங்கியது ஒன்றுதான். சங்கத்தின் தலைவன் என்ற முறையில் அதில் ஒப்பமிட்டவன் நான். இரண்டுக்கும் இடையே 44,000 ரூபா வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு கேள்வியாவது கேட்டேனா? இல்லை. "நல்ல சாமான்" என்று விற்பவர் சொன்னார், நம்பினேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்னும் பழமொழியைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன்! எனக்கு அது அன்று நினைவுக்கு வரவில்லை.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2024ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வேலியின் கீழ்ப்பகுதி ஓரிடத்திற் சாய்ந்து, வலை தரையைவிட்டு உயர்ந்து நின்றது. பந்தைத் தேடிய ஐந்தாந்தரப் பிள்ளை ஒன்று அந்த இடைவெளியால் நுழைந்து, சறுக்கி, நீர் நிறைந்த குழியில் விழுந்துவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு அவ்வழியே வந்த தாய் ஒருவர், இடுப்பிற் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து நீட்டிப் பிள்ளையைக் கரையேற்றினார். உயிருக்கு ஆபத்து வரவில்லை. மறுநாள் அவர் என்னிடம் வந்து, "வேலி இருக்குன்னு நம்பித்தானே சேர் புள்ளைகள விளையாட விட்டோம்" என்றார்.

நேயர்களே, அந்த வாசகத்தை நான் மறக்கவில்லை. வேலி இல்லாத இடத்திற் பெற்றோர் எச்சரிக்கையாக இருப்பர்; ஆசிரியர் ஒருவர் காவல் நிற்பார். வேலி வந்துவிட்டது என்றவுடன் அந்தக் காவலை எடுத்துவிட்டோம். வலுவில்லாத வேலி, வேலியின்மையைவிடத் தீயது.

பின்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடத்தில் மாணவர் பயன்படுத்தும் வேணியர் இடுக்கிமானியைக் கொண்டுவந்தார். கம்பியின் பச்சைப் பிளாத்திக்கு உறையைக் கத்தியாற் சீவிவிட்டு அளந்தார். பிரித்தானிய அளவுமுறைப்படி 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீற்றர் விட்டம். உறையோடு அளந்தபோது கம்பி ஏறக்குறைய அந்த அளவே இருந்தது. உறையை நீக்கியபின் இருந்ததோ 1.63 மில்லிமீற்றர், அது 16 கேஜ். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். 10 கேஜ் 3.25 மில்லிமீற்றர், 14 கேஜ் 2.03 மில்லிமீற்றர். விட்டத்திற் சிறிய வேறுபாடுதானே என்று எண்ணவேண்டாம். 2.64 மில்லிமீற்றர்க் கம்பி மீற்றருக்கு 43 கிராம் நிறை, 1.63 மில்லிமீற்றர்க் கம்பி 16 கிராம் அளவே. நாம் பணம் கொடுத்த இரும்பில் ஐந்தில் இரண்டு பங்குகூட நமக்குக் கிடைக்கவில்லை. மிகுதிக்குப் பிளாத்திக்கை வாங்கினோம்.

ஆதலால் முதற் பாடம் இது: உறை பூசிய கம்பியை வாங்கும்போது உள்ளிருக்கும் உருக்குக் கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதித் தருமாறு கேளுங்கள். "கேஜ்" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சுருளின் நிறை எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒரே உயரமும் ஒரே நீளமும் ஒரே கண்ணளவும் கொண்ட இரு சுருள்களில் ஒன்று பெரிதும் இலேசாக இருந்தால், அது ஏன் மலிவு என்பதைத் தராசே சொல்லிவிடும்.

இரண்டாவது, துருவைப் பற்றியது. இரும்பின்மேல் நாகம், அதாவது பேச்சு வழக்கில் துத்தநாகம், பூசுவதையே கல்வனைசு செய்தல் என்கிறோம். 1837இல் பிரான்சில் சொறெல் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாகம் வெறும் போர்வையன்று. சிறு கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள நாகம் முதலில் தான் அரிபட்டு, இரும்பைக் காக்கும். எனவே நாகம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு காலம் வேலி நிற்கும். உருகிய நாகத்திற் பொருளை அமிழ்த்தி எடுப்பது ஒரு முறை. ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள உருக்குக்கு அம்முறையிற் சராசரி 85 மைக்கிரோனும், மூன்று முதல் ஆறு மில்லிமீற்றர் வரையுள்ளதற்கு 70 மைக்கிரோனும் படிய வேண்டும் என்று சர்வதேசத் தரம் 1461 விதிக்கின்றது. ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்முறையால் மெல்லியதாகப் பூசிய பொருளும் கடையில் அதே வெள்ளி நிறத்தில் மின்னும்; அதன் பூச்சோ பெரும்பாலும் இதிற் சிறு பங்கே. கம்பியிலும் கனத்த பூச்சு, மெல்லிய பூச்சு என்ற வகைகள் உண்டு. ஒன்று மற்றையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் வாங்குபவர் எப்படி அறிவது? பாடசாலை ஆய்வுகூடத்திலேயே ஒரு சோதனை உண்டு. மயில்துத்தக் கரைசலில் கம்பித்துண்டை ஒரு நிமிடம் அமிழ்த்தி, எடுத்துக் கழுவித் துடைக்க வேண்டும். மீண்டும் அமிழ்த்த வேண்டும். நாகம் இருக்கும்வரை படியும் கறுப்பு துடைத்தால் போய்விடும். நாகம் தீர்ந்து இரும்பு வெளிப்பட்டதும் செம்பு செந்நிறமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு கடைகளின் கம்பிகளை அருகருகே வைத்துச் சோதித்தால், எது விரைவிற் சிவக்கிறதோ அதன் பூச்சே மெலிந்தது. மயில்துத்தம் நஞ்சாதலால் இதனை ஆசிரியர் கையாலேயே செய்தல் வேண்டும். நாங்கள் இதனைச் செய்து பார்த்தது காலங்கடந்த பின்னரே.

மூன்றாவது பிழை தூண்களில் இருந்தது. எங்களுக்கு வந்தவை மெல்லிய சுவர்கொண்ட ஒன்றரை அங்குலக் குழாய்கள். வேலியை நிறுத்த வந்தவர்கள் அங்கேயே வெட்டி, அங்கேயே ஒட்டினார்கள். ஒட்டும் வெப்பத்தில் நாகம் எரிந்துபோகும். அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நாகம் செறிந்த வர்ணத்தைப் பூசவேண்டும். அவர்கள் சாதாரண வெள்ளி வர்ணத்தைப் பூசினார்கள். குழாயின் மேல்வாய்க்கு மூடி இல்லை. மழைநீர் உள்ளே இறங்கித் தங்கியது. அடியில் இட்ட கொங்கிறீற்று தரைமட்டத்துக்குக் கீழே குழிவாக இருந்தது. அங்கும் நீர் தேங்கியது. மூன்று ஆண்டுகளில் எல்லாக் குழாய்களும் தரைமட்டத்திலேயே அரிபட்டிருந்தன. அடிக் கொங்கிறீற்றைத் தரைக்கு மேலே சிறிது உயர்த்தி, நீர் வழிந்தோடும்படி சரிவாக மெழுகியிருந்தால் அவ்வளவு விரைவில் அந்த அழிவு நேர்ந்திராது.

கொங்கிறீற்றுத் தூண் வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. உள்ளிருக்கும் கம்பி வெளிப்பரப்புக்கு மிக அண்மையில் இருந்தால் ஈரம் புகுந்து துரு பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பது. ஆகவே அது தூணை உள்ளிருந்தே பிளந்துவிடும். கம்பியைச் சுற்றி ஓர் அங்குலமாவது கொங்கிறீற்று இருக்கிறதா என்று தூணின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மூலைத் தூண்களுக்கு முட்டுக்கால் இருக்கிறதா என்றும் பாருங்கள். வலையின் இழுவிசை முழுவதும் மூலைகளிலேயே விழும். முட்டுக்கால் இல்லாத மூலை சாய்ந்தால் வேலி முழுவதும் தளரும். எங்கள் வேலி தரையைவிட்டு உயர்ந்ததற்கு இதுவும், அடிக்கம்பி இழுத்துக் கட்டப்படாமையுமே காரணங்கள்.

இனி, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

எதைத் தடுக்க வேலி என்பதை முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை, மாடு, காட்டுப்பன்றி, கள்வன் என்று ஒவ்வொன்றுக்கும் வேலி வேறு. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அவர்கள் உயரத்தில் முட்கம்பி ஆகாது. பன்றிக்கு வேலியின் உயரம் பொருட்டன்று, அடிவாரமே பொருட்டு. சிலர் பன்றிக்கு அஞ்சி வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் கொடுக்கின்றனர். அது சட்டவிரோதம், அதைவிட, அது கொலைக்கருவி. இன்னும் சிலர் சுருக்குக் கம்பி வைக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அத்தகைய சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டு, சில நாட்களில் இறந்ததை நாடே அறியும்.

அடுத்து, வேலி நிற்கவேண்டிய இடம் எது? இதிற் பிழைத்தால் எவ்வளவு நல்ல கம்பியும் பயன் தராது. மேற்கு அவுஸ்திரேலியாவில் முயல்களைத் தடுக்க 1901இல் தொடங்கி 1907இல் முடித்த வேலி 1,800 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. அது முடியுமுன்னரே, 1902இலேயே, முயல்கள் அதற்கு அப்பால் காணப்பட்டன. ஆகவே இரண்டாவது வேலி ஒன்றும் போட நேர்ந்தது. நம் நாட்டிலும் யானைகளுக்காக நான்காயிரம் கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி அமைத்திருக்கிறார்கள். அவற்றிற் பல, இரண்டு திணைக்களங்களின் காட்டெல்லையிலே நின்றன; வேலிக்கு இருபுறமும் யானைகள் இருந்தன. ஊரையும் வயலையும் சுற்றி வேலி அமைப்பதே முறை என்று, யானை மனித மோதலைத் தணிப்பதற்காக 2020இல் வகுத்த தேசிய செயற்றிட்டம் எடுத்துரைத்தது. படத்திற் காணும் எல்லை வேறு. ஆபத்து வரும் வழி வேறு.

தோட்டப்புறத்தில் இன்னுமொரு சிக்கல் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 முதல் பிராந்தியக் கம்பனிகள் அவற்றை முகாமை செய்கின்றன. பாடசாலைகளோ கல்வித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. பாடசாலைக் காணி எங்கே முடிகிறது, தோட்டக் காணி எங்கே தொடங்குகிறது என்பதை நில அளவையாளரின் கோட்டைக் கொண்டு எழுத்தில் உறுதிசெய்யாமல் தூண் நடுதல் கூடாது. பிறர் காணியில் நட்ட தூணை நம் செலவிலேயே பிடுங்கவேண்டி வரும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். படத்திலுள்ள நீளம் கிடைமட்ட நீளம். மலைச்சரிவு முப்பது பாகையாயின், படத்தில் நூறடி என்பது தரையில் 115 அடி. அந்தப் பதினைந்தடியை மறந்தவர்கள், வேலி கட்டும் நாளில், கிடைத்த வலையை அவசரமாகக் கேட்ட விலைக்கு வாங்குவார்கள். ஆகையால் நாடாவைத் தரையோடு பிடித்து அளங்கள். நீரோடும் கான் எங்கே வேலியைக் கடக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் வரும் தழையும் தடியும் வலையில் அடைந்தால், நீரின் விசை வேலியையே தள்ளிவிடும். அவ்விடத்தில் தனியாகத் திறக்கக்கூடிய அழி ஒன்றை அமைப்பது நல்லது.

பின்பு விலைக்கூறு. உருக்குக் கம்பியின் விட்டம், வலையின் கண்ணளவு, பூச்சின் வகை, தூணின் அளவும் இடைவெளியும், குழியின் ஆழம், முட்டுக்கால்களின் தொகை, இழுகம்பிகளின் தொகை, ஏற்றுக்கூலி, நிறுத்தும் கூலி ஆகிய அனைத்தையும் நாமே ஒரு தாளில் எழுதி, அந்த ஒரே தாளை எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கவேண்டும். அவரவர் தமக்கு வாய்ப்பான பொருளுக்கு விலை சொன்னால் எதனோடு எதை ஒப்பிடுவது? நான் செய்த தலையாய பிழை இதுவே. ஒரே சொற்களைக் கண்டு ஒரே பொருள் என்று மயங்கினேன்.

மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, இருவரும் ஒப்பமிட்டுக் கட்டி வையுங்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. விவரணம் சொல்லி விற்ற பொருள் அவ்விவரணத்துக்கும், மாதிரி காட்டி விற்ற பொருள் அம்மாதிரிக்கும் பொருந்தவேண்டும் என்பது அதன் விதி. பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் கொடுக்கவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வணிகரின் கடமை. அந்த அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதாயின் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்யவேண்டும். நாங்கள் மூன்று ஆண்டுகள் கழித்தன்றோ கம்பியைச் சீவிப் பார்த்தோம்! எங்கள் பற்றுச்சீட்டிலும் "வேலிச் சாமான்" என்ற இரண்டு சொற்களே இருந்தன. யாரிடம் போய் என்ன கேட்பது?

முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிடாதீர்கள். சாமான் வந்திறங்கும்போதே அளந்து பாருங்கள். வலையைக் கட்டியபின் குறைசொல்வது கடினம். ஒரு பகுதிப் பணத்தை, வேலி ஒரு பெருமழையைக் கண்டபின் தருவதாக உடன்படிக்கையில் எழுதுங்கள். நேர்மையான வணிகர் இதற்கு மறுக்கமாட்டார். இரண்டாம் முறை எங்களுக்கு விற்றவர், இடுக்கிமானியைக் கண்டதும் தாமே வலையின் ஒரு முனையை எடுத்து நீட்டினார்.

அந்த இரண்டாம் வேலியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் இரும்பின் விலை உயர்ந்துவிட்டது. 3,10,000 ரூபா சென்றது. முன்னைய 1,48,000 ரூபாவையும் கூட்டினால் 4,58,000 ரூபா. முதன்முறை 44,000 ரூபாவைச் சேமித்தோம் என்று மகிழ்ந்தோம் அல்லவா? நல்ல வேலியை அன்றே 1,92,000 ரூபாவுக்கு வாங்கியிருக்கலாம். பணம் போதாவிடின் நூற்றைம்பது அடியை நன்றாகக் கட்டி, மிகுதி ஐம்பதடியில் கிளிசரிடியாத் தடிகளை நெருக்கமாக நட்டுக் காவலும் வைத்திருக்கலாம். குறைந்த நீளத்துக்கு நல்ல வேலி என்பதே ஏழையின் சிக்கனம்; முழு நீளத்துக்குப் பொய் வேலி என்பது சிக்கனமன்று.

இம்முறை பெற்றோரிடம் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வேலியில் நடந்ததைக் கூட்டத்தில் ஒளிக்காமற் சொன்னேன். ஒப்பமிட்டவன் நான் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒரு முதியவர் எழுந்து, "காசு குடுக்க ஏலாது சேர், குழி வெட்டித் தாறோம்" என்றார். பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் பணம் தந்தனர். பெற்றோர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானமாக வந்து தூண்குழி தோண்டினர். வேலிக்கு மிக அண்மையிலிருந்த பாழ்குழியையும் கிராம உத்தியோகத்தரின் அறிவோடு மண்ணிட்டு மூடினர். உண்மையில் அதுவே முதலிற் செய்திருக்க வேண்டிய வேலை. ஆபத்தை அகற்ற முடியுமாயின் அகற்றுவது, முடியாதபோது வேலியிடுவது. இந்த வரிசையை நாங்கள் தலைகீழாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை தோறும் பத்தாந்தர மாணவர் இருவர் ஆசிரியருடன் வேலியைச் சுற்றி வருகின்றனர். துரு கண்ட இடம், தளர்ந்த கட்டு, மண் கரைந்த அடி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுகின்றனர். சென்ற மாதம் ஓர் இழுகம்பி தளர்ந்ததைக் கண்டு அன்றே முறுக்கினோம், செலவு ஒன்றுமில்லை. விளையாட்டு நேரத்தில் ஆசிரியர் ஒருவர் கீழெல்லையில் நிற்கும் வழக்கத்தையும் மீண்டும் கொண்டுவந்துவிட்டோம். வேலி அந்த ஆசிரியருக்குத் துணையே அன்றி, அவருக்குப் பதில் அன்று.

உங்கள் பாடசாலைக்கோ, கோவிலுக்கோ, வீட்டுக்கோ வேலி வாங்கப் போகிறவர்கள் ஓர் அளவுகோலையும், ஒரு கத்தியையும், நீங்களே எழுதிய தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.